காதுச் சூடு

சரியாக ஐந்தரை மணிக்குப் போன் அடிக்கும். எடுத்ததும் வருகிற முதல் பேச்சு, "முயலைக் காட்டு."

சாப்பிட்டாயா என்பது கிடையாது. எப்படி இருக்கிறாய் என்பது கிடையாது. கட்டின பெண்டாட்டியின் முகம் திரை முழுக்கத் தெரிந்துகொண்டிருக்கும்போது, அதைத் தாண்டி முயலைத் தேடுகிற மனிதரை என்னவென்று சொல்வது? ஐஸ்காரியும் இரண்டு வருஷமாக யோசித்துப் பார்த்துவிட்டாள். சொல்வதற்கு நிறையவே இருந்தது. சொன்னதில்லை. போனைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்புறம் போய், கூண்டுக்கு முன்னால் குனிந்து பிடிப்பாள். கடல் தாண்டி இருக்கிற மனுஷன் முயலைப் பார்த்து, "என்ன மேனேஜர், சௌக்கியமா?" என்பார். மேனேஜர் பதில் சொல்லாது. அவரும் அதை எதிர்பார்த்ததில்லை.

ஐஸ்காரி என்பது தெரு வைத்த பெயர். ஐஸ்கிரீம் கம்பெனியில் கோல்ட் ரூம் வேலை அவளுக்கு. இரண்டு சட்டைக்கு மேல் தடித்த கோட்டு, இரண்டு ஜோடி கையுறை, காதை மூடுகிற குல்லா என்று மாட்டிக்கொண்டு உள்ளே போனால், அட்டைப் பெட்டிகளை இறக்குவதும் அடுக்குவதுமாகப் பகல் போய்விடும். தெருவில் தார் உருகி செருப்பில் ஒட்டுகிற மாதத்தில் அவள் பல் கிட்டிப்போய் நிற்பாள். பெயர்தான் ஐஸ்காரி, யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாது. அதனால்தான் பதினோரு வருஷமாக அதே அறையில் இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் சேர்ந்தவள் சூப்பர்வைசராகி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வீட்டுக்காரருக்கு நேர் எதிரான வேலை. பாய்லர் ஆப்பரேட்டர். "ஒருத்தர் நெருப்பு, ஒருத்தி ஐஸ், நடுவுல கடல். ஆண்டவன் கணக்கா முடிச்சுப் போட்டிருக்கான்" என்று மாடிவீட்டு அக்கா சொல்லிச் சிரிப்பாள். அக்கா மாடியில் தையல் மெஷினோடு இருப்பவள். ஜன்னல் ஓரத்தில் மெஷினைப் போட்டிருந்ததால் கொல்லைப்புறத்தில் ஒரு இலை விழுந்தாலும் அவளுக்குத் தெரியும்.

அவர் இங்கே இருந்த காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து அவள் வந்ததும் வாசலிலேயே இரண்டு கையையும் பிடித்துத் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்வார். பாய்லர் பக்கத்தில் நின்று நின்று அவர் கை எப்போதும் சூடாகவே இருக்கும். "செத்த மீன் மாதிரி இருக்குடி" என்பார். ஐந்து நிமிஷம், சில நாள் பத்து நிமிஷம். விரல் நுனியில் முள் குத்துவதுபோல் ஆரம்பித்து, மெதுவாக உணர்ச்சி திரும்பும். அதன் பிறகுதான் அவள் செருப்பைக் கழற்றுவாள். அவர் போன பிறகு அந்தக் கைகளைப் பொத்திவைக்க ஆளில்லை. டீ கிளாஸைப் பிடித்துப் பார்த்தாள். கிளாஸ் ஆறிப்போகும், விரல் அப்படியே இருக்கும். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

முயல் வந்த கதை தனி. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே இரண்டு குட்டிகள். "துணைக்கு இருக்கட்டும்" என்றார். பெண்டாட்டிக்குத் துணையாக முயலை விட்டுப் போன முதல் ஆள் உலகத்திலேயே இவராகத்தான் இருக்கும் என்று அவளுக்கு எரிச்சல். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரோ பழைய கதவு ஒன்றை அறுத்து, இரும்புச் சட்டம் வாங்கி, கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தார். கூண்டு முடிந்தபோது அதற்குள் ஒரு குடும்பம் நடத்தலாம் போல இருந்தது. அதை ஒரு ஆள் தூக்க முடியாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் வீட்டுச் சுவர் ஓரமாக, மேற்குப் பார்த்து வைத்தார்கள். அப்போது குளிர்காலம் முடிகிற சமயம். சாயங்கால வெயில் குட்டிகள் மேல் விழட்டும் என்று அவர் நினைத்தார். வெயில்காலம் என்று ஒன்று வரும் என்பது நெருப்போடு வேலை செய்கிறவருக்கு மறந்துவிட்டது.

பெரிய முயல் வெள்ளை. எதைப் பார்த்தாலும் பாதிக் கண் மூடிக்கொண்டு, வேலை செய்யாமல் எல்லோரையும் மேற்பார்வை பார்ப்பதுபோல் படுத்திருக்கும். அதனால் மேனேஜர். பெண் முயல் என்று பிறகு தெரிந்தபோதும் பதவி பறிபோகவில்லை. சின்னதுக்கு நெற்றியில் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு பொட்டு, தபால் ஆபீஸில் குத்தினதுபோல. அது முத்திரை. அவர் கிளம்பிய பிறகு கொஞ்ச நாள் வீட்டுக்குள்தான் வைத்திருந்தாள். மேனேஜர் பிரிட்ஜ் ஒயரைக் கடித்த அன்றைக்கே இரண்டும் வெளியே குடிபோயின.

ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவர் முதல் ஒப்பந்தம் முடிந்ததும் இன்னொரு வருஷம் கையெழுத்துப் போட்டார். அப்போதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து 'வாங்க' என்ற சொல் வருவது முயல் கொம்புதான். கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பு என்ன, அவருக்காகத் தோன்ற வேண்டாமா என்பது அவள் கட்சி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நல்ல பொருத்தம்.

இந்த வருஷம் வெயில் சொல்லிவைத்ததுபோல் முன்னாடியே வந்துவிட்டது. அவர் அங்கிருந்து குரல் பதிவாக அனுப்பித் தள்ளினார். முயலுக்கு வேர்க்காது, உடம்புச் சூடு காது வழியாகத்தான் வெளியே போகும். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ப்ரீசரில் உறையவைத்து, பழைய துணியில் சுற்றிக் கூண்டுக்குள் போடு, அதுகளே வந்து ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மிச்சம் கிடக்கிற தரைக் கல்லை நனைத்து உள்ளே வை. ஈரச் சாக்கை மேலே போடு, பக்கத்தில் போடாதே, காற்று அடைபடும். முடியைச் சீவி எடு. தண்ணீர்க் கிண்ணத்தை மதியத்துக்கு இரண்டாக வை. அவள் கேட்டுக்கொண்டே செய்தாள். முணுமுணுத்துக்கொண்டும் செய்தாள். நாளெல்லாம் ஐஸோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தும் ஐஸ். சின்ன ப்ரீசரில் ஆறு பாட்டில் போக வேறு எதற்கும் இடமில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது மூன்று வைப்பாள், மதியம் மாடிவீட்டு அக்கா இறங்கிவந்து அடுத்த மூன்றை மாற்றிவைப்பாள்.

இதற்கு மேல் ஒரு நோட்டு வேறு. பாய்லர் வேலையில் மணிக்கு ஒரு தரம் அழுத்தம் எவ்வளவு, தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று நோட்டில் எழுத வேண்டுமாம். எழுதாவிட்டால் வேலை போய்விடுமாம். அந்தப் பழக்கத்தில் கூண்டுக் கம்பியில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். தினமும் சாயங்காலம் இரண்டின் காதையும் தொட்டுப் பார்த்து எழுத வேண்டும். 'மிதம்', 'சூடு', 'ரொம்பச் சூடு'. இந்த மூன்றில் ஒன்று.

அவள் எழுதினாள். வேலையிலிருந்து வந்து, கோட்டின் குளிர் இன்னும் தோளில் இருக்கும்போதே கூண்டுக்குள் கையை விட்டுக் காதைத் தொடுவாள். சூடு. எழுதுவாள். அடுத்த நாளும் சூடு. வெயில்காலம் தொடங்கியதிலிருந்து பக்கம் பக்கமாக ஒரே சொல். போனில் அவர் கேட்பார், "காது எப்படி?" "வழக்கம்போலத்தான்." "நீ?" என்று என்றைக்காவது கேட்டால் அதற்கும் பதில் ரெடியாக இருக்கும், "நல்லா இருக்கேன்."

அந்த வியாழக்கிழமை அனல் அடித்தது. ஐஸ்கிரீம் கம்பெனிக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. லாரி மேல் லாரி வந்து நின்றது. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வரக்கூட நேரமில்லாமல் அவள் கோல்ட் ரூமிலேயே கிடந்தாள். வெளியே என்ன வெயில் என்பதே அவளுக்குத் தெரியாது. நாலே முக்காலுக்கு வெளியே வந்தபோது, கண் முன்னால் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. கை இரண்டும் மரத்துப்போய், பஸ்ஸில் கம்பியைப் பிடித்தது விரலுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தவள் நேரே கொல்லைக்குப் போனாள். பாட்டில்கள் உருகித் தண்ணீராகிக் கிடந்தன. மாடிவீட்டு அக்கா அன்றைக்கு யாரோ ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அளவெடுக்கப் போயிருந்தாள், மதியம் மாற்ற ஆளில்லை. அது ஐஸ்காரிக்கு முன்பே தெரியும், காலையில் கூடுதலாக ஒரு பாட்டில் வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். போதாமல் போயிருக்கிறது. அவசரமாகக் காதைத் தொட்டாள். சூடு. எப்போதும் இருப்பதுதானே. நோட்டில் எழுதினாள். அதற்குள் போன் அடித்தது.

"முயலைக் காட்டு."

காட்டினாள்.

"மேனேஜர் ஏன் இப்படிப் படுத்திருக்கு?"

"மேனேஜர்னா படுத்துத்தான் இருக்கும்."

"காதைப் பார்த்தியா?"

"பார்த்தாச்சு. எழுதியும் வச்சாச்சு. எப்பவும்போலத்தான்."

அவர் சரி என்றார். பிறகு தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு அவளுக்குத் தெரியும். போன வருஷமும் இதே கனைப்புக்குப் பின்னால்தான் இடி விழுந்தது.

"ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. சனிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம்." கொஞ்சம் நிறுத்தினார். "என்ன சொல்லட்டும்?"

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். கேட்டுவிட்டார்! வேண்டாம், போதும், கிளம்பி வாங்க என்று ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. ஆனால் போன் இன்னும் முயல் பக்கம்தான் திரும்பியிருந்தது. இதைக்கூட முயலைப் பார்த்துக்கொண்டா கேட்பது? ஆத்திரம் முந்திக்கொண்டது.

"உங்க இஷ்டம்" என்றாள்.

"உன் இஷ்டம் என்ன?"

"எனக்கென்ன? எனக்குத்தான் துணைக்கு முயல் இருக்கே."

வைத்துவிட்டாள். வைத்த கையோடு சமையலறைக்குள் போய் ஒரு பாத்திரத்தை எடுத்தாள், எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்ப வைத்தாள். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். அவர் என்னதான் செய்வார், 'உங்க இஷ்டம்' என்றால் போடாதே என்று அர்த்தம் என்பதை இத்தனை வருஷத்தில் தெரிந்துகொள்ள வேண்டாமா? தெரிந்திருக்கும். தெரியாமலும் இருக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வெளியே, அளவெடுத்துவிட்டுத் திரும்பியிருந்த அக்கா மாடிப்படியில் ஓடிவருகிற சத்தம் கேட்டது.

"ஏய்! மேனேஜரைப் பாருடி! வாயைப் பிளந்துட்டு கிடக்குது!"

ஓடினாள். மேனேஜர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது, மூக்கைச் சுற்றி ஈரம், விலா எலும்பு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முத்திரை மட்டும் நனைத்த கல் மேல் ஒட்டிப்போய், பயந்து முழித்தது. அக்கா கையை உள்ளே விட்டு மேனேஜரின் காதைத் தொட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, கொதிக்குதே! அடுப்புல வச்ச மாதிரி கொதிக்குது! இப்பத்தானே பார்த்தே, உனக்குத் தெரியலையா?"

"எப்பவும் சூடாத்தானே அக்கா இருக்கும்?"

"எங்கடி எப்பவும் சூடா இருக்கும்? மத்தியானம் பாட்டில் மாத்தும்போது நானும் தொட்டுத்தானே பார்ப்பேன். சும்மா வெதுவெதுன்னு இருக்கும்." சொல்லிக்கொண்டே அக்கா அவள் கையைப் பிடித்தாள். பிடித்தவள் முகம் மாறியது. "உன் கையே ஐஸ்கட்டியா இருக்கு. இந்தக் கையால தொட்டா உலகத்துல எதுதான்டி உனக்குச் சூடா இருக்காது?"

ஐஸ்காரி தன் கையைப் பார்த்தாள். இத்தனை நாள் எழுதின நோட்டைப் பார்த்தாள். சூடு, சூடு, சூடு. அத்தனையும் முயலின் காதைப் பற்றி எழுதினதே இல்லை.

அக்காவிடம் துணி தைக்கக் கொடுக்கிற கால்நடை டாக்டரம்மா நாலு தெரு தள்ளி இருந்தாள். அக்கா போன் போட்டுக் கத்தினாள். அந்தப் பக்கம் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள், "இடத்தை மாத்துங்க. சாதாரணத் தண்ணியில துணியை நனைச்சு காதுல ஒத்துங்க. முக்கி எடுக்காதீங்க. ஐஸ் வேண்டவே வேண்டாம், அதிர்ச்சியில செத்துப்போகும். குலுக்கித் தூக்கிட்டு வராதீங்க, நானே வர்றேன்."

ஐஸ் வேண்டாமாம். வாழ்நாளெல்லாம் ஐஸ் தூக்கினவளுக்கு இந்த ஒரு அவசரத்தில் அதனால் பிரயோஜனம் இல்லை. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் குளியலறைத் தரைதான். அங்கே மேனேஜரைக் கிடத்தி, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஈரத் துணியைக் காதில் ஒத்தினாள், எடுத்தாள், மறுபடி ஒத்தினாள். சூடு குறைகிறதா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. "அக்கா, நீங்க தொட்டுப் பாருங்க" என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியிருந்தது. அக்கா தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். அவர் கை இருந்திருந்தால் தொட்டதும் சொல்லியிருக்கும். அந்தக் கை இருந்திருந்தால் இவள் கையும் மரக்கட்டையாக வந்து கூண்டுக்குள் நுழைந்திருக்காது. அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது, கூடவே அந்தக் கைகள் வேண்டும் என்று தாங்க முடியாமல் இருந்தது. இரண்டும் சேர்ந்து அழுகையாக வந்தது. அக்கா பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். தோலுக்கடியில் ஒரு ஊசி போட்டு, கண்ணை விரித்துப் பார்த்து, காத்திருந்தாள். வெளியே வெயில் தாழ்ந்து மஞ்சளாகிற வரைக்கும் மூன்று பெண்கள் ஒரு குளியலறையில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். விலா எலும்பின் படபடப்பு மெல்ல மெல்ல இறங்கியது. மேனேஜர் வாயை மூடிற்று. பிறகு தலையைத் தூக்கி, பாதிக் கண் மூடி, இங்கே என்ன கூட்டம் என்பதுபோல் மூவரையும் பார்த்தது.

"பிழைச்சுக்கும்" என்றாள் டாக்டரம்மா. "ஆனா அந்தக் கூண்டு அங்கேயே இருந்தா நாளைக்கு மறுபடி இதேதான். சாயங்கால வெயில் நேரா அடிக்குதே. எதிர்ல இருக்கிற மேற்கு மதில் சுவர் நிழலுக்குத் தள்ளுங்க."

"அதைத் தூக்க ரெண்டு பேர் வேணும், டாக்டர். இவரு வந்தாத்தான்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு போனை எடுத்தாள். அவர் ஷிஃப்டில் இருப்பார், பாய்லர் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அடித்துப் பார்த்தாள், எடுக்கவில்லை. நல்லதுதான் என்று தோன்றியது. முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது. குரல் பதிவை அழுத்தினாள்.

"என்னங்க. மேனேஜருக்கு வெயில் தாக்கி உயிர் போய்த் திரும்பி வந்திருக்கு. இப்பப் பரவாயில்ல, பயப்படாதீங்க. தப்பு என் மேலதான். வேலையில இருந்து வந்ததும் என் கைக்கு எதைத் தொட்டாலும் சூடாத்தான் இருக்கும். அது எனக்கே தெரியல. நீங்க இருந்தப்ப கையைப் பிடிச்சு வச்சுப்பீங்கல்ல, அதுக்கப்புறம்தானே நான் எதையும் தொடுவேன்." மூச்சு வாங்கினாள். "அப்புறம், உங்க இஷ்டம்னு சொன்னேன்ல. என் இஷ்டம் அது இல்ல. கையெழுத்துப் போடாதீங்க. வந்துடுங்க. அவ்வளவுதான். வைக்கிறேன்."

அனுப்பிய பிறகு காது மடல் வரை வெட்கம் ஏறியது. அழித்துவிடலாமா என்று நாலு தரம் விரலைக் கொண்டுபோனாள். அழிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும், வேலைக்குப் போவதற்கு முன்னால், அக்காவை எழுப்பிக் கீழே கூட்டிவந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூச்சைப் பிடித்தார்கள். கூண்டு அசையவில்லை. "உன் புருஷன் இதுக்குள்ள என்னடி வச்சுக் கட்டியிருக்காரு, பாய்லரையா?" என்று அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ்காரி குனிந்து கூண்டின் அடியைப் பார்த்தாள். கோல்ட் ரூமில் பெரிய பெட்டியை யாரும் தூக்குவதில்லை. அடியில் இரும்புக் குழாய்களைப் போட்டு உருட்டுவார்கள். குழாய்க்கு எங்கே போவது? சட்டென்று உள்ளே போய் ப்ரீசரைத் திறந்தாள். கல்லாக உறைந்து ஆறு பாட்டில்கள் இருந்தன.

கடப்பாரையால் ஒரு பக்கத்தை நெம்பிக் கொடுக்க, அக்கா பாட்டிலை உள்ளே தள்ளினாள். மறுபக்கமும் அப்படியே. பிறகு தள்ளினார்கள். பாட்டில்கள் நறநறவென்று முனகின, நசுங்கவில்லை. கூண்டு ஒரு முழம் நகர்ந்தது. பின்னால் விடுபட்ட பாட்டிலை எடுத்து முன்னால் போட, இன்னொரு முழம். "தேர் இழுக்கிறோம்டி!" என்று அக்கா மூச்சிரைக்கச் சிரித்தாள். அரை மணி நேரத்தில் கூண்டு மேற்குச் சுவரோடு போய்ச் சேர்ந்தது. ஐஸ்காரி சிரித்துக்கொண்டேதான் கதவைத் திறந்து முயல்களை உள்ளே விட்டாள். ஆனால் கூண்டு இருந்த இடத்தில் நாலு மூலைத் தடங்களும் காய்ந்த மண்ணில் ஆழமாகப் பதிந்திருந்தன. அன்றைக்கு இரண்டு பேருமாகத் தூக்கிவந்து வைத்தது. அவர் பிடித்த பக்கத்துத் தடத்தைக் காலால் மூடப் போனவள், மூடாமல் விட்டுவிட்டாள்.

அன்றைக்குக் கம்பெனியில் எத்தனை பெட்டி ஏற்றினாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. குரல் பதிவைக் கேட்டுவிட்டார் என்பதற்கு அடையாளம் போனில் காலையிலேயே வந்திருந்தது. பதில் மட்டும் வரவில்லை. ஐந்தரை மணிக்குக் கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்தரை ஆயிற்று. ஐந்து முப்பத்தைந்து ஆயிற்று. நாற்பதுக்கு அடித்தது.

எடுத்தாள். அவர் முகம் தெரிந்தது. கண் சிவந்திருந்தது. தூங்கவில்லை போலிருக்கிறது. முயலைக் காட்டு என்று அவர் சொல்லவில்லை. அவளையே பார்த்தார். பழக்க தோஷம், அவளே போனைத் திருப்பப் போனாள்.

"இரு" என்றார். "முயல் இருக்கட்டும்."

அவள் கை நின்றது.

"நேத்து நீ போனை வச்சதும் நேரா ஆபீசுக்குப் போயிட்டேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். நீ கோபத்துல சொன்னே, நானும் கோபத்துல போட்டேன்."

எதிரில் மேற்குச் சுவர் நிழலில் மேனேஜர் காதை ஆட்டியது.

"ஷிஃப்ட் முடிஞ்சு வந்துதான் உன் பேச்சைக் கேட்டேன். எத்தனை தடவை கேட்டேன்னு கேக்காதே. காலையில ஆபீஸ் திறக்கிறதுக்கு முன்னாடியே வாசல்ல போய் நின்னேன். குடுத்ததைத் திருப்பிக் குடுங்கன்னு. அந்த கிளார்க் என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஏன்டி, பாய்லர்ல ஒரு மீட்டர் தினமும் ஒரே அளவு காட்டினா அது கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். முதல் நாள் வேலைக்கு வர்றவனுக்குக்கூடச் சொல்லித் தர்ற பாடம். நீ தினமும் காது சூடுன்னு எழுதினே, எனக்கு உறைக்கல. தினமும் நல்லா இருக்கேன்னு சொன்னே, அதுவும் உறைக்கல. ரெண்டு வருஷமா ஒரே ரீடிங்."

"குடுத்தாங்களா?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டாள், "காகிதத்தைத் திருப்பிக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. ஆனா புது ஆளு வந்து பாய்லரைக் கத்துக்கிற வரைக்கும் இருந்துட்டுத்தான் போகணுமாம். ரெண்டு மாசம். வெயில் முடிஞ்சுதான் வருவேன். அதுவரைக்கும் நீதான் அதுகளைப் பார்த்துக்கணும்."

இரண்டு மாதம். இரண்டு வருஷத்தைத் தள்ளினவளுக்கு அது ஒரு கணக்கா? ஆனால் அந்த நிமிஷத்தில் அதுதான் தாங்க முடியாத தூரமாக இருந்தது. வருகிறார் என்று தெரியாதவரை இல்லாத ஏக்கம், வருகிறார் என்றதும் கிளம்பி வந்தது.

"அதுகளைப் பார்த்துக்கலாம்" என்றாள். "கூண்டைக்கூட நகர்த்தியாச்சு."

"அதையா? யார் பிடிச்சா?"

"ஐஸ் பாட்டிலைப் போட்டு உருட்டினோம், நானும் அக்காவும்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சிரிப்பை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். நேராக, முயல் இல்லாமல், கூண்டு இல்லாமல். இத்தனை நாள் மனசுக்குள்ளேயே ஏங்கி அலுத்த பார்வை கிடைத்தபோது அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"காது சிவந்திருக்கே" என்றார். "தொட்டுப் பாரு. சுடுதா?"

அவள் கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டாள். விரல் இன்னும் மரத்துத்தான் இருந்தது. நெருப்பாகச் சுட்டது. காதின் சூடா கையின் குளிரா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"என் கைக்குத் தெரியாது" என்றாள். "வந்து தொட்டுப் பாருங்க."